பூட் ஆகும்போதே டிஸ்க்கைச் சந்தேகிப்பது: லினக்ஸின் இன்டெக்ரிட்டிடேப்

டிஸ்க் கெட்டுப்போனால் எப்படியும் தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நம்புகிறோம். கரகரவென்று சத்தம் வரும், கோப்பைத் திறந்தால் பிழைச்செய்தி வரும், கணினி அப்படியே உறைந்து நிற்கும். உண்மையில் இவையெல்லாம் நேர்மையான டிஸ்க்கின் அடையாளங்கள். தன்னால் படிக்க முடியவில்லை என்பதை அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. தொல்லை கொடுப்பது வேறொரு ரகம். கேட்ட செக்டரை (டிஸ்க்கில் தரவு வைக்கும் சிறு துண்டு) உடனே கொடுக்கும், எல்லாம் சரி என்றும் சொல்லும். ஆனால் கொடுத்தது நாம் எழுதி வைத்தது அல்ல. இந்த ரகத்தைப் பிடிக்கும் காவலை, கணினி பூட் ஆகும்போதே எழுப்பிவிட உதவும் சிறு அமைப்புக் கோப்புதான் இன்டெக்ரிட்டிடேப்.

இது அபூர்வமான விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் 2007-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. 3,000-க்கும் மேற்பட்ட கணினிகளில், உள்ளடக்கம் முன்பே தெரிந்த 2 ஜிபி கோப்பு ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதித் திரும்பப் படித்தார்கள். ஐந்து வாரத்தில் சுமார் 100 கணினிகளில் 500 பிழைகள் தட்டுப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை பிட் பிழைகள் அல்ல, 64 கேபி அளவுக்கு மொத்தமாகச் சிதைந்த துண்டுகள். டிஸ்க்குக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும், பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டும் ஒத்துப்போகாததே காரணம் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெட்ஆப் நிறுவனத்தினரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பெரியது. 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்ததில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் (தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண்) பொருந்தாமைகள் சிக்கின. விலை குறைந்த சாட்டா டிஸ்க்குகளில் இந்தச் சிக்கல் உயர்ரக டிஸ்க்குகளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம்.

டிஸ்க்குக்குள்ளேயே பிழைதிருத்தக் குறியீடு இருக்கிறதே, அது என்ன செய்கிறது என்று கேட்கலாம். காந்தப் பரப்பிலோ ஃபிளாஷ் செல்லிலோ தேய்மானத்தால் பிட்டுகள் மாறினால் அது பிடித்துவிடும். ஆனால் 5,000-ஆவது செக்டரில் எழுத வேண்டியதை ஃபர்ம்வேர் 6,000-ஆவதில் எழுதிவிட்டால் அதற்குத் தெரியாது. அங்கே எழுதப்பட்ட தரவும் குறியீடும் தமக்குள் கச்சிதமாகப் பொருந்தித்தான் இருக்கும். எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாமலே விட்டால் பழைய தரவும் பழைய குறியீடும் அப்படியே பொருந்தி நிற்கும். டிஸ்க்குக்கு வந்து சேரும் முன்பே கேபிளிலோ கன்ட்ரோலரிலோ பிட் புரண்டிருந்தால், புரண்டதற்குத்தான் டிஸ்க் கவனமாகக் குறியீடு எழுதி வைக்கும். ஆகவே டிஸ்க்கைச் சரிபார்க்கும் வேலையை டிஸ்க்கிடமே விட முடியாது. அதற்கு மேலே இருக்கிற ஏதோ ஓர் அடுக்குதான் அதைச் செய்ய வேண்டும்.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற இரண்டு கோப்பு முறைமைகளும் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஏற்பாடு) தமக்குள்ளேயே இதைச் செய்கின்றன. ஆனால் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்கள் ஓடுவது எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் மீது. இந்த இரண்டும் செக்சம் வைப்பது மெட்டாடேட்டாவுக்கு மட்டும்தான். கோப்பின் பெயர், அளவு, எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்பதெல்லாம் காவலில் இருக்கும். கோப்புக்குள் இருக்கும் சம்பளப் பட்டியலோ புகைப்படமோ காவலில் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது டிஎம்-இன்டெக்ரிட்டி. 2017-ல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 4.12 பதிப்புடன் சேர்ந்தது. அதைக் கையாளும் இன்டெக்ரிட்டிசெட்டப் கட்டளை அதே ஆண்டு இறுதியில், டிஸ்க் குறியாக்கக் கருவியான கிரிப்ட்செட்டப் 2.0-உடன் வந்தது. டிஸ்க்குக்கும் கோப்பு முறைமைக்கும் நடுவே இது ஒரு மெய்நிகர் டிஸ்க்காக உட்காரும். ஒவ்வொரு செக்டரையும் எழுதும்போது அதற்கு ஒரு செக்சம் கணக்கிட்டுத் தனியிடத்தில் வைக்கும். படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தரவைக் கொடுக்காமல் பிழையைத் திருப்பும். செக்சம் கணக்கில் செக்டரின் எண்ணும் சேர்க்கப்படுவதால், இடம் மாறி எழுதப்பட்ட செக்டரும் மாட்டிக்கொள்ளும். இந்தச் சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. தரவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, சரியான இடத்திலும் இருக்க வேண்டும் என்பதை ஒரே கணக்கில் முடித்துவிடுகிறார்கள்.

இதற்கு விலை உண்டு. தரவும் செக்சமும் டிஸ்க்கில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றை எழுதி மற்றொன்றை எழுதுவதற்குள் மின்சாரம் போனால், எந்தக் கோளாறும் இல்லாத தரவு கெட்டதாகத் தெரியும். அதைத் தவிர்க்க, இரண்டையும் முதலில் ஜர்னல் என்ற தற்காலிகப் பதிவிடத்தில் எழுதிவிட்டு, பிறகு உரிய இடத்தில் எழுதுவார்கள். அதாவது ஒருமுறை எழுத வேண்டியதை இரண்டு முறை எழுத வேண்டும். தொடர்ச்சியாகப் பெரிய கோப்புகளை எழுதும் வேலையில் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 2019-ல் கர்னல் 5.2-உடன் பிட்மேப் முறை வந்தது. எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் குறித்துவைத்து, திடீரென அணைந்தால் அந்தப் பகுதிகளுக்கு மட்டும் செக்சத்தைப் புதிதாகக் கணக்கிடும் முறை இது. வேகம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் அணைந்த நேரத்தில் அந்தப் பகுதியில் தரவு கெட்டிருந்தால், கெட்டதற்கே புதிய செக்சம் எழுதப்பட்டு அது நல்லதாகிவிடும். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், யூபிஎஸ் நம்பகமாக இருக்கும் இடத்தில் பிட்மேப், மற்ற இடங்களில் ஜர்னல் என்பேன்.

இதுவரை சொன்னது கர்னலின் கதை. நடைமுறையில் மக்கள் திணறியது இங்கே அல்ல, பூட் ஆகும்போதுதான்.

டிஎம்-இன்டெக்ரிட்டி டிஸ்க் தானாக எழுந்து நிற்காது. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் யாராவது ஒருவர் கட்டளை கொடுத்து அதைத் திறக்க வேண்டும். அதன்பிறகுதான் உள்ளே இருக்கும் கோப்பு முறைமை கண்ணுக்கே தெரியும். குறியாக்கம் செய்த டிஸ்க்குகளுக்கு இதே தேவை பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு கிரிப்ட்டேப் என்ற கோப்பு இருந்தது. கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்க, எஃப்எஸ்டேப் இருந்தது. இன்டெக்ரிட்டிக்கு மட்டும் எதுவும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆளாளுக்குச் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி, அது எஃப்எஸ்டேப்புக்கு முன்னால் ஓடுமா பின்னால் ஓடுமா என்று பார்த்துப் பார்த்துக் காலம் தள்ளினார்கள். லினக்ஸில் பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியின், 2021 டிசம்பரில் வந்த 250 பதிப்புதான் எட்சி கோப்புறைக்குள் இன்டெக்ரிட்டிடேப் என்ற கோப்புக்கு இடம் கொடுத்தது.

கோப்பு மிகச் சிறியது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி, ஒரு வரியில் நான்கு கட்டங்கள். முதலாவது, திறந்த பிறகு அந்த மெய்நிகர் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர். இரண்டாவது, அடியில் இருக்கும் உண்மையான டிஸ்க் எது என்பது. மூன்றாவது சாவிக் கோப்பு, இல்லையென்றால் ஒரு சிறு கோடு. நான்காவது விருப்பங்கள்: எந்த அல்காரிதம், ஜர்னலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை முடித்து எழுதுவது, செக்சங்கள் வேறொரு டிஸ்க்கில் இருந்தால் தரவு டிஸ்க் எது, இப்படி. பின்னர் வந்த பதிப்புகளில் ஜர்னலா பிட்மேப்பா என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இந்த நான்கில் இரண்டு கட்டங்களில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஒன்று, டிஸ்க்கை அடையாளம் சொல்லும் இடம். எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி (தனித்த அடையாள எண்) எழுதிப் பழகியவர்கள் இங்கேயும் அதையே தேடுவார்கள். கிடைக்காது. டிஎம்-இன்டெக்ரிட்டி தன் விவரங்களை எழுதிவைக்கும் சூப்பர்பிளாக்கில் யூயூஐடி என்று ஒன்று கிடையாது. வெறுமனே எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் கொடுக்கும் பெயர்களை எழுதி வைத்தால், இன்னொரு டிஸ்க் செருகிய அன்று பெயர்கள் இடம் மாறும். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்டிஷன் அட்டவணையில் இருக்கும் பார்ட்யூயூஐடியைப் போடுவதுதான் வழி. அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே கொடுக்காமல், ஒரே ஒரு பார்டிஷனாவது போட்டு அதன்மேல் இன்டெக்ரிட்டியை வைத்துக்கொள்வது நல்லது.

மற்றது, அல்காரிதம். எல்யூகேஎஸ் முறையில் குறியாக்கம் செய்த டிஸ்க்கின் தலைப்பகுதியில் எந்தக் குறியாக்கம், சாவி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். டிஸ்க்கே சொல்லிவிடும். தனித்து ஓடும் இன்டெக்ரிட்டி டிஸ்க் அப்படியல்ல. செக்சம் எத்தனை பைட் என்பது சூப்பர்பிளாக்கில் இருக்கும், எந்த அல்காரிதம் என்பது இருக்காது. இன்டெக்ரிட்டிடேப்பில் எதுவும் எழுதாவிட்டால் சிஆர்சி32சி என்று எடுத்துக்கொள்ளப்படும். ஃபார்மட் செய்தபோது யாரோ சிஆர்சி32 போட்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டும் 4 பைட். டிஸ்க் ஒழுங்காகத் திறந்துகொள்ளும், பிறகு படிக்கப்போகும் ஒவ்வொரு செக்டரும் கெட்டது என்று வரும். நல்ல டிஸ்க்கைச் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட இதைவிட எளிய வழி இல்லை. ஃபார்மட் செய்த அன்றே அல்காரிதத்தின் பெயரை இன்டெக்ரிட்டிடேப்பில் மட்டுமல்லாமல் வேறொரு இடத்திலும் எழுதிவைப்பது பயன்படும். அந்தக் கோப்பு இருக்கும் ரூட் டிஸ்க்கே (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) ஒருநாள் போய்விடலாம் அல்லவா.

பூட் ஆகும்போது நடப்பது இது. சிஸ்டம்டி எழுந்தவுடன், எந்தச் சேவையும் தொடங்குவதற்கு முன், ஜெனரேட்டர் எனப்படும் சிறு நிரல்கள் ஓடும். அவற்றில் ஒன்று இன்டெக்ரிட்டிடேப்பை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சேவைக் கோப்பைத் தற்காலிகமாக எழுதும். அந்தச் சேவை, தனக்குரிய டிஸ்க்கை, சாதனங்களைக் கண்டறியும் யூடெவ் அறிவிக்கும்வரை காத்திருந்து, வந்தவுடன் திறக்கும். திறந்ததும் புதிய மெய்நிகர் டிஸ்க் தோன்றும். அதை நம்பியிருக்கும் மவுண்ட் அதன்பிறகு நடக்கும். முன்பு ஸ்கிரிப்டில் நொடிகளை எண்ணிக் காத்திருந்த வேலையை, எது வந்தபின் எது என்ற சார்பு வரிசையே பார்த்துக்கொள்கிறது. டிஸ்க் வரவே இல்லையென்றால், எஃப்எஸ்டேப்பில் அந்த மவுண்டுக்கு நோஃபெயில் (வராவிட்டாலும் பூட்டைத் தொடர் என்ற விருப்பம்) போடாதவர்கள் 90 நொடி காத்திருந்து அவசர நிலை ஷெல்லில் போய் நிற்பார்கள். தொலைவில் இருக்கும் சர்வருக்கு அது இனிமையான அனுபவம் இல்லை.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ரெய்டு உள்ளே வரும்போது புரியும். டிஎம்-இன்டெக்ரிட்டி எதையும் சரிசெய்யாது, கெட்டதைக் கெட்டது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. தனி டிஸ்க்கில் அதைப் போட்டால், தவறான தரவு கிடைத்த இடத்தில் இனிப் பிழைச்செய்தி கிடைக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய முன்னேற்றம்தான், பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக இன்டெக்ரிட்டியைப் போட்டு, அவற்றின் மேல், ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் எம்டி ரெய்டு-1 (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு) கட்டினால் கதை மாறுகிறது. வெறும் ரெய்டு-1-க்கு இரண்டு பிரதிகளும் வேறுபட்டால் எது உண்மை என்று தெரியாது. ஒன்றிலிருந்து படித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இப்போதோ கெட்ட பிரதி இருக்கும் பக்கத்திலிருந்து தரவுக்குப் பதிலாகப் படிப்புப் பிழை வருகிறது. ரெய்டு மறுபிரதியிலிருந்து படித்து, அதையே கெட்ட இடத்தில் திரும்ப எழுதுகிறது. எழுதும்போது புதிய செக்சமும் பதிவாகிறது. பயனருக்கு எதுவுமே தெரியாது, கர்னல் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கும்.

அடுக்கு இப்படி இருந்தாக வேண்டும்: கீழே டிஸ்க், அதன்மேல் இன்டெக்ரிட்டி, அதன்மேல் ரெய்டு, மேலே கோப்பு முறைமை. ரெய்டின்மேல் இன்டெக்ரிட்டியை வைப்பவர்களையும் பார்க்கலாம். அங்கே பிழை தெரியும், ஆனால் அது ரெய்டின் காதுக்குப் போகாது, இரண்டு பிரதிகள் இருந்தும் பயனில்லை.

சரியான அடுக்கிலும் பூட் நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரெய்டின் உறுப்புகளாக இருப்பவை இன்டெக்ரிட்டி திறந்த பிறகுதான் தோன்றும். முதல் டிஸ்க் உடனே திறந்துவிட்டது, இரண்டாவது மெதுவாகச் சுழலத் தொடங்கும் டிஸ்க் அல்லது தாமதமாக எழும் கன்ட்ரோலரில் இருப்பது என்று வைத்துக்கொள்வோம். ரெய்டைக் கையாளும் எம்டிஏடிஎம் முதல் உறுப்பைப் பார்த்ததும் மற்றதற்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? கடைசிப் புகலிடம் என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்ட ஒரு டைமர் இருக்கிறது, 30 நொடி. அதற்குள் வராவிட்டால் ஒற்றைக் காலில் ரெய்டைத் தொடங்கிவிடும். பிறகு வரும் இரண்டாவது டிஸ்க் வெளியே நிற்கும், கையால் சேர்க்க வேண்டும். ரெய்டின் மாற்றக் குறிப்புப் பட்டியல் இயக்கத்தில் இருந்தால் விடுபட்ட பகுதிகள் மட்டும் நகலாகும். இல்லையென்றால் முழு டிஸ்க்கும் மறுபடி எழுதப்படும், அதுவும் ஜர்னல் வழியாக இரண்டிரண்டு முறை. எனவே புதிதாக அமைத்தவர்கள் முதல் சில பூட்களில் ரெய்டின் நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. மவுண்ட் ஆகியிருக்கிறது என்பது இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருக்கின்றன என்பதற்குச் சாட்சி அல்ல.

எல்லோருக்கும் இன்டெக்ரிட்டிடேப் வேண்டும் என்றில்லை. டிஸ்க் இடத்தைப் பங்கிட்டு நிர்வகிக்கும் எல்விஎம் வழியாக ரெய்டு அமைத்து அதிலேயே இன்டெக்ரிட்டியைக் கேட்டவர்களுக்கு எல்விஎம்மே எல்லா அடுக்கையும் சேர்த்து எழுப்பிவிடும். எல்யூகேஎஸ்2-இல் குறியாக்கத்தோடு இன்டெக்ரிட்டியும் சேர்த்து ஃபார்மட் செய்தவர்களுக்கு கிரிப்ட்டேப் போதும். ரூட் கோப்பு முறைமையே இன்டெக்ரிட்டியின் மேல் இருந்தால் வேறு சிக்கல். இன்டெக்ரிட்டிடேப்பைப் படிக்க ரூட் வேண்டும், ரூட் கிடைக்க இன்டெக்ரிட்டிடேப் வேண்டும். அதனால் அந்தக் கோப்பும் அதற்கான நிரல்களும், ரூட்டுக்கு முன்பே மெமரியில் ஏறும் சிறு கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ் உள்ளேயே இருக்க வேண்டும். அதைக் கட்டும் கருவியான டிராகட்டில் இதற்கென ஒரு மாட்யூல் உண்டு. கோப்பை மாற்றினால் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி கட்ட வேண்டும்.

கையில் சர்வர் இல்லாதவர்கள்கூட இதை அரைமணியில் பார்த்துவிடலாம். 100 எம்பி அளவில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, லூப் சாதனமாக (கோப்பை டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாடு) மாற்றி, இன்டெக்ரிட்டிசெட்டப்பால் ஃபார்மட் செய்யுங்கள். ஜர்னல் இல்லாத முறையில் திறந்துகொள்ளுங்கள், ஜர்னலில் ஒரு பிரதி கிடந்தால் சோதனை குழம்பும். உள்ளே எக்ஸ்ட்4 போட்டு, எளிதில் தேடக்கூடிய ஒரு வாக்கியத்தைக் கோப்பாக எழுதி, எல்லாவற்றையும் மூடுங்கள். இப்போது அடியில் இருக்கும் 100 எம்பி கோப்பில் அந்த வாக்கியம் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று கிரெப்பால் கண்டுபிடித்து, டிடி கட்டளையால் ஒரே ஓர் எழுத்தை மாற்றுங்கள். மீண்டும் திறந்து மவுண்ட் செய்தால் எல்லாம் சாதாரணமாக இருக்கும், கோப்பின் பெயரும் அளவும் தெரியும். படிக்கப்போனால்தான் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று நிற்கும். கர்னல் பதிவேட்டில் எந்த செக்டரில் செக்சம் தவறியது என்ற வரி இருக்கும். கோப்பு முறைமையின் வழியே போகாமல், கேஷைத் தவிர்த்து அந்த மெய்நிகர் டிஸ்க்கையே நேராகப் படித்தால் வேடிக்கை. கர்னல் இந்தப் பிழைக்குக் கொடுக்கும் எண், எழுத்துக் குறியாக்கத் தவறுக்கும் பொதுவானது. அதனால் டிடி கட்டளை, செல்லாத அல்லது அரைகுறையான பல-பைட் எழுத்து என்று புலம்பும். விவரம் தெரியாதவர் யூனிகோடு அமைப்பில் கோளாறு என்று நினைத்து ஒருநாள் முழுக்கத் தேடலாம்.

பாதுகாப்பு என்ற சொல் வந்தவுடன் திருடனையும் நினைக்கத் தோன்றும். சிஆர்சி32சி தற்செயலான சிதைவுக்கு மட்டும்தான். வேண்டுமென்றே தரவை மாற்றுகிறவன் செக்சத்தையும் கணக்கிட்டு மாற்றிவிடுவான், அதில் ரகசியம் எதுவும் இல்லை. ஷா256 போட்டாலும் அதே கதிதான். கணக்கு பெரியது, ரகசியம் இல்லை. அதற்குத்தான் மூன்றாவது கட்டத்தில் சாவிக் கோப்பு. அதைக் குறிப்பிட்டால், சாவியையும் சேர்த்துக் கணக்கிடும் எச்மேக்-ஷா256 தானாகவே தேர்வாகும், சாவி தெரியாதவரால் சரியான செக்சம் எழுத முடியாது. ஆனால் சாவியை எங்கே வைப்பது? அதே டிஸ்க்கில் குறியாக்கம் இல்லாத பூட் பார்டிஷனில் வைத்தால், டிஸ்க்கைக் கழற்றி எடுத்தவன் கையில் சாவியும் போய்ச் சேர்கிறது. சாவி பத்திரமாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை மிச்சம். போன மாதத்து செக்டரையும் அதன் போன மாதத்து செக்சத்தையும் ஒருவன் நகலெடுத்து வைத்திருந்து இன்று திரும்ப எழுதினால் இரண்டும் பொருந்தும். டிஎம்-இன்டெக்ரிட்டியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அளவுக்குக் காவல் வேண்டுமென்றால், எழுதும் வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும். 2012-ல் கர்னல் 3.4-உடன் வந்த டிஎம்-வெரிட்டி அப்படிப்பட்டது. முழு டிஸ்க்குக்கும் ஹாஷ்களை (தரவின் சுருக்க எண்கள்) மரமாக அடுக்கி, உச்சியில் இருக்கும் ஒரே ஹாஷை நம்பினால் போதும் என்ற ஏற்பாடு. ஒரு செக்டர் மாறினாலும் உச்சி மாறிவிடும், ஆகவே பழையதைத் திரும்ப வைக்க வழியில்லை. ஆனால் அது படிக்க மட்டும். ஆண்ட்ராய்டு 4.4 முதல் ஃபோனின் சிஸ்டம் பார்டிஷனுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிஸ்டம்டியில் இதற்கான வெரிட்டிடேப் 248 பதிப்பிலேயே, இன்டெக்ரிட்டிடேப்புக்குச் சில மாதங்கள் முன்பாகவே வந்துவிட்டது.

இடச்செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 512 பைட் செக்டருக்கு 4 பைட் சிஆர்சி என்றால் 0.78 சதவீதம். செக்டர் அளவை 4,096 ஆக்கினால் 0.1 சதவீதம்தான். எச்மேக்-ஷா256 32 பைட் எடுக்கும், 512 பைட் செக்டரில் அது 6.25 சதவீதம், 4,096-இல் மறுபடி 0.78. ஃபார்மட் செய்யும்போதே 4,096 என்று கொடுத்துவிடுவது நல்லது, பிறகு மாற்ற முடியாது. நேரம்தான் அதிகம் பிடிக்கும். புதிய டிஸ்க்கில் இருக்கும் செக்டர்களுக்குச் சரியான செக்சம் எதுவும் இல்லாததால் முதலில் முழு டிஸ்க்கையும் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். 4 டிபி டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகம் என்றால் 7 மணி நேரத்துக்கு மேல். அவசரப்பட்டு இதைத் தவிர்த்தால், இதுவரை எழுதாத செக்டரைப் படிக்கப்போகும் எந்த நிரலும் பிழையில் முட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் மெமரி எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. ராமில் இருக்கும்போதே ஒரு பிட் புரண்டு, அதன்பிறகு அந்தத் தரவு டிஎம்-இன்டெக்ரிட்டிக்கு வந்தால், புரண்டதற்குச் சரியான செக்சம் கிடைத்துவிடும், இரண்டு ரெய்டு பிரதிகளிலும். பிட் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம் இல்லாத பெட்டியில் ஜர்னல் முறைக்காகப் பாதி வேகத்தை விட்டுக்கொடுப்பவர்கள், செலவை எதில் முதலில் போட்டிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளலாம்.